முப்பத்திரண்டு ரயில் நீளம்

மணி அடித்தாயிற்று. கிரிகரி பின்னிக்கொண்டிருந்ததை ஊசியோடு அப்படியே பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடிவிட்டு முக்காலியை விட்டு எழுந்திருக்கிறார். இரண்டு கொடிகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது காலைச் சற்று இழுத்தபடி, கேட்டைச் சாத்தப் போகிறார். வரிசையில் ஏழே ஏழு கண்ணிதான் பாக்கி. பின்னல் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் அந்த ஏழையும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். நடுவரிசையில் விட மனசு வராது. கிரிகரிக்கு வரும். ஒன்பது வருடமாக வந்துகொண்டிருக்கிறது.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பங்சார் பக்கம் திரும்புகிற சாலையைக் கிள்ளான் தண்டவாளம் குறுக்கே வெட்டுகிற இடத்தில் அவருடைய கேட். பக்கத்தில் ஆள் படுத்தால் கால் வெளியே நீளும் அளவுக்கு ஒரு காவல் கூண்டு. பத்தடி தள்ளி ரயில்வே கொடுத்த ஒற்றை அறை வீடு. கேட் சாத்தியதும் இரண்டு பக்கமும் ரிக்‌ஷாக்களும் சைக்கிள்களும் செங்கல் வண்டிகளும் சேர்ந்துவிடும். செங்கல் வண்டிக்கார சின்னையா எப்போதும் முதலில் வந்து நிற்பவன். நின்றதுமே வாயைத் திறந்துவிடுவான்.

"கேட்டண்ணே, ஒரு கை பின்னி முடிச்சுட்டுத்தான் தொறப்பீங்களோ?"

"ஒன் மாட்டுக்கு ஒரு சட்டை போடலாமான்னு யோசிக்கிறேன்லா. அளவு சொல்லு."

ஆனால் கடைசிப் பெட்டி தாண்டி, அதன் சத்தம் தேய்வதற்குள் கேட் திறந்திருக்கும். ரயில் போன பிறகு தன் கேட்டில் எவனும் ஒரு மூச்சுக்கூட அதிகமாக நின்றதில்லை என்பதில் கிரிகரிக்குப் பெருமை உண்டு. பெருமை என்று ஒன்று அவரிடம் இருப்பதே அதிலும் பின்னலிலும்தான்.

அவர் பின்னுவது சாதாரணக் கம்பளி அல்ல. செம்மறியாட்டு நூலைக் கொண்டுவந்து கொடுத்தால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "அது எல்லாரும் பின்றது. எனக்கு எதுக்கு?" என்பார். அவருக்கு வேண்டியது கிடைத்தற்கரிய பிராணிகளின் ரோமம். காஷ்மீர மலையாட்டின் வயிற்றடியில் சீப்பு போட்டு எடுத்த பூ ரோமம், அங்கோரா முயலின் ரோமம், ஒட்டகக் குட்டியின் ரோமம். சீமைக்கு விடுமுறையில் போகிற துரைசானிகளின் பெட்டிகளிலிருந்து அவை வரும். இந்த ஊர் ஈரத்தில் பூச்சி அரித்துப் பூஞ்சணம் பூத்த பழைய சால்வைகளைப் பிரித்து நூலாக்கிக் கொடுத்தனுப்புவார்கள். கப்பல் ஏறுவதற்குள் அது புதுச் சட்டையாகவோ கழுத்துத் துண்டாகவோ மாறியிருக்க வேண்டும். போய் இறங்குகிற இடத்தில் குளிர் கொல்லுமாம்.

ஒவ்வொரு ரோமத்தைப் பற்றியும் கிரிகரிக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. முயல் நூல் மூக்குக்குள் போகும். ஒரு சட்டை முடிப்பதற்குள் நூறு தும்மல் நிச்சயம். காஷ்மீர ஆடு நனைந்தால் மட்டும் தன் ஜாதியைக் காட்டிவிடும், ஆட்டுப்பட்டி வாடை அடிக்கும். ஒட்டகத்தின் மேல்தான் அவருக்குத் தீராத சந்தேகம். "வெயில்ல வேகுற பிராணி. அதுக்கு எதுக்குங்க இம்புட்டு முடி? யாருக்கோ சேத்து வச்ச மாதிரி." இந்தக் கேள்வியை அவர் பங்குச் சாமியாரிடமே கேட்டிருக்கிறார். சாமியார் சிரித்துவிட்டுப் பூசைக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாராம்.

நூல் கைக்கு வந்ததும் விரலால் தடவிப் பார்க்கமாட்டார். விரல் காய்த்துப்போன விரல். நெம்புகோலும் சங்கிலியும் பிடித்த விரல். அது பொய் சொல்லும் என்பார். கண்ணை மூடிக்கொண்டு நூலை மேலுதட்டில் வைத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒருமுறை இழுப்பார். அதற்காகவே மீசையை எடுத்துவிட்டார். ரயில்வேக்காரன் எவனும் மீசையில்லாமல் வெளியே தலைகாட்டாத காலம் இது. "ஏன், வேண்டுதலா?" என்று கேட்கிறவர்களுக்கு, "ஆமா, ஒட்டகத்துக்கு" என்று பதில் சொல்வார்.

ரகத்துக்கு ஒன்றாக ஒரு விரல் நீள நூலை, தீக்குச்சியில் சுற்றி, ஒரு சிகரெட் டின்னில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். மிச்சமான நூலை அங்குல சுத்தமாகத் திருப்பிக் கொடுக்கிற மனிதர், இந்த ஒரு விரல் நீளத்தை மட்டும் வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொள்வார். கேட்காமல் எடுத்தது இல்லை. டின்னில் இப்போது பதினோரு குச்சிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவற்றை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அடுக்குவதுதான் அவருடைய பொழுதுபோக்கு.

பின்னலுக்கு வந்த கதை சின்னது. ஷன்டிங் யார்டில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டு, கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் கிடந்தார். சும்மா கிடக்க முடியாமல் ஆஸ்பத்திரிப் போர்வையின் ஓரத்தை நூல் நூலாக உருவிக்கொண்டே இருந்தார். நோயாளிகளைப் பார்க்க வருகிற ஒரு வயதான பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி மூன்றாவது போர்வையும் பாழான பிறகு, திட்டாமல், இரண்டு ஊசியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். "உருவத் தெரிஞ்ச கைக்குக் கோக்கவும் தெரியும்" என்றாளாம். கால் தேறி வெளியே வந்தபோது ஓடியாடுகிற வேலை போய் கேட் வேலை கிடைத்தது. இப்போது ஊசிகள் அவரே செய்தவை. ஆட்டு நூலுக்கு மூங்கில், வழுக்குகிற நூலுக்கு சைக்கிள் சக்கரக் கம்பி. கை வியர்த்தால் மெல்லிய ரோமம் திரண்டு கட்டியாகிவிடும் என்பதால், மலாய்ப் பெண்கள் முகத்துக்குப் பூசுகிற அரிசிமாவு பெடாக்கைக் குழைக்காமல் உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டுதான் உட்காருவார்.

இவ்வளவு குளிருடுப்பு பின்னியவருக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. அது அவரை வெகுநாள் அரித்தது. கடைசியில் ஐஸ் கிடங்கில் வேலை பார்க்கிற அய்யாவுவைப் பிடித்தார். பின்னி முடித்த எந்தச் சட்டையானாலும், கொடுத்தனுப்புவதற்கு முன் அதை நல்ல துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஐஸ் கிடங்குக்குப் போய்விடுவார். துரைசானிகளின் சட்டை அவருக்கு எங்கே கொள்ளும்? ஒரு கையை மட்டும் அதன் கைக்குள் விட்டுக்கொண்டு, ஐஸ் பாளங்களுக்கு நடுவே சாக்கைப் போட்டு உட்கார்ந்து, செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடிப்பார். அய்யாவு கதவைத் திறந்து, "அண்ணே, உசுரோட இருக்கியா?" என்பான். "பாதி இருக்கேன். வலது கை கோலாலம்பூர்ல இருக்கு, மிச்சமெல்லாம் சீமையில இருக்கு" என்று சொல்லிக்கொண்டு, பல் தந்தியடிக்க வெளியே வருவார்.

இனி அளவு சமாச்சாரம். கிரிகரியிடம் அளவு நாடா கிடையாது. வரிசைகளை எண்ணுவதும் கிடையாது. கேட்டையும் பார்த்துக்கொண்டு வரிசையையும் எண்ணினால் இரண்டில் ஒன்று தப்பும், தப்பினால் ஆள் சாவான் என்பார். போகிற வருகிற ஒவ்வொரு ரயிலுக்கும் கூண்டின் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுவது அவர் வேலையில் சேர்ந்தது. அந்தக் கோடுதான் அவருக்கு அளவு. கழுத்துத் துண்டு ஐம்பது ரயில். முதுகுப் பக்கம் எழுபது. ஒரு கை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை, முப்பத்திரண்டு ரயில். டயம்டேபிள் மாறாதவரை சட்டையும் மாறாது. மாறியதும் இல்லை, இந்தத் தை மாதம் வரைக்கும்.

இதையெல்லாம் பின்னுவது டொரத்தி என்றுதான் துரைசானிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டொரத்தி அவர் மனைவி. நல்ல உயரம், நல்ல குரல், கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள். பங்களாக்களுக்குப் போய் நூலை வாங்கிவருவதும், சட்டையைக் கொடுத்துவிட்டுப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு வருவதும் அவள்தான். ஊசியைப் பிடிக்கவே அவளுக்குத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தெரிந்த இந்த ரகசியம் ரயில்வே அதிகாரிகளுக்கு மட்டும் தெரியக்கூடாது. கேட் காவலன் வேலை நேரத்தில் வேறு வேலை பார்த்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். வேலையோடு வீடும் போகும். ரப்பர் விலை விழுந்து ஊரெங்கும் ஆட்குறைப்பு நடந்து, கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது போன வருடம்தான். நல்ல கால் இரண்டும் உள்ளவனையே அனுப்பிவிட்டார்கள்.

"ஒங்க கைக்கு நான் மொகம்" என்பாள் டொரத்தி. "பாராட்டு எனக்கு, தும்மல் ஒங்களுக்கு."

தை பிறந்ததும் ஒரு துரைசானியிடமிருந்து ஆள் வந்தது. அவள் புருஷன் ரயில்வேயில் தண்டவாளம், பாலம், கேட் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிற என்ஜினீயர். டொரத்திக்குப் போகவே பயம். போனவள் ஆறு நூல் உருண்டைகளோடு வந்தாள். பாலைச் சுண்டக் காய்ச்சினால் சட்டியின் ஓரத்தில் படிகிற நிறம். துரைசானியின் சின்ன அண்ணன் பெரு என்கிற தேசத்தில் மலை மேல் ஓடுகிற ரயிலில் என்ஜினீயராம். அங்கே மேகத்துக்கும் மேலே மேய்கிற விக்குனா என்ற பிராணியின் ரோமமாம் இது. பிடித்துக் கட்டி வளர்க்க முடியாத பிராணி. உலகத்தில் இதற்கு மேல் மெல்லிய ரோமம் கிடையாதாம். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை வேண்டும். மாசி முதல் வாரம் வியாழக்கிழமை போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல்.

கிரிகரி உருண்டையை எடுத்து நூல்முனையை உதட்டில் வைத்தார். இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல டொரத்தி."

"நல்லா இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல. ஒதட்டுல நூலு இருக்கிறதே தெரியல. இருக்கு. ஆனா தெரியல." உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மூஞ்சி எப்படி இருக்கும்?" என்று கேட்டார். ஆடா, மானா, ஒட்டகமா என்று டொரத்தி கேட்டுவரவில்லை. அதற்காக அன்று முழுக்க அவளை நச்சரித்தார்.

வழக்கமாகத் தைப்பூச வாரத்தில் அவர் ஊசியைத் தொடுவதில்லை. பத்துமலை முருகன் கோயிலுக்குக் கிள்ளானிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் ஸ்பெஷல் வண்டிகள் வரிசைகட்டி ஓடும்; கேட்டில் ஜனம் தேனீயாக மொய்க்கும். இந்த முறை கப்பல் தேதி கழுத்தைப் பிடித்தது. முதுகும் முன்பக்கங்களும் இடது கையும் முடிந்து, வலது கை மட்டும் பாக்கி. தைப்பூசத்தன்றும் அதற்கு முந்தின நாளும் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரண்டு ஸ்பெஷலுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் அரை வரிசை, ஒரு வரிசை என்று பின்னினார். சுவரில் கோடுகள் ஏறின. முப்பத்திரண்டாவது கோடு விழுந்ததும் கண்ணிகளை மூடி முடிச்சுப் போட்டு, துணியில் சுற்றி டின்னுக்குள் வைத்துவிட்டு, மறுபடியும் கேட்டுக்கு ஓடினார். பழக்கம் பொல்லாதது, கோடு முடிந்தால் கையும் முடிந்தது.

மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல், ரிக்‌ஷாவில் துரைசானி வந்து இறங்கினாள்.

கிரிகரி கூண்டு வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தார். பத்தடி தூரம்தானே. தைப்பதற்கு முன் அளவு பார்க்க வந்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன் டெங்கில் பக்க ரப்பர் தோட்டத்தில் பெரிய அண்ணனுடைய வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்தவள். சமையற்கட்டில் கற்ற தமிழை வைத்துக்கொண்டு காரியத்தை நேராகப் பேசுவாள். டொரத்தி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். துரைசானி உட்காரவில்லை. சட்டையின் இரண்டு கைகளையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தாள். வலது கை நாலு விரற்கடை குட்டை.

"இது ஏன் குட்டை? எண்ணத் தெரியாதா?"

டொரத்தியின் நல்ல குரல் எங்கோ போய்விட்டது. "தப்பா போச்சும்மா. சரி பண்ணிக் கொடுத்துடறேன்."

"இப்ப பண்ணு. நான் பாக்கணும். நானும் பின்னுவேன், என் கையில இந்த நூல் நிக்கவே இல்ல. நீ எப்படிப் பிடிக்கிறே, காட்டு."

டொரத்தி ஊசியை எடுத்தாள். சீனக் கடையில் முதல் தடவை சாப்பாட்டுக் குச்சியைப் பிடிக்கிறவர்கள் பிடிப்பார்களே, அப்படிப் பிடித்தாள். துரைசானி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிரிகரி வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். கண் வலிக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று டொரத்தி எப்படியாவது சமாளித்திருப்பாள். ஆனால் 'எண்ணத் தெரியாதா' என்ற சொல் அவரைப் போட்டுக் குடைந்தது. செய்யாத தப்புக்கு அவள் தலை குனிந்து நிற்பதையும் பார்க்க முடியவில்லை. கால் தானாக நடந்தது. டப்பாவிலிருந்து பெடாக்கைக் கையில் தேய்த்துக்கொண்டே உள்ளே போய் நின்றார்.

"அவ மேல தப்பில்லீங்க. தைப்பூச ஸ்பெஷல் பதினெட்டு வண்டி கூட ஓடிருச்சு."

துரைசானிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "என்ன வண்டி?"

"நான் வண்டிய வச்சுத்தாங்க அளக்கறது. ஒரு கைக்கு முப்பத்திரண்டு வண்டி. நேத்தும் முந்தா நாளும் வண்டி சாஸ்தி, பின்னல் கம்மி. எண்ணுனது சரி. ஓடுனதுதான் கூடிப்போச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. டொரத்தி, "சேசு மரி சூசையே" என்று முணுமுணுத்து, ஊசியை மடியில் வைத்துவிட்டாள். துரைசானி அவருடைய காக்கிச் சட்டையையும், ரயில்வே பொத்தானையும், மாவு பூசிய கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நீதான் பின்னுறது. கேட்ல உக்காந்து."

"ஆமாங்க."

"பின்னு."

அவர் தரையில் உட்கார்ந்தார். குட்டைக் கையின் முடிச்சை அவிழ்த்து, இரண்டு வரிசை உருவி, நின்ற கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினார். நூலை அவர் இறுக்கிப் பிடிக்கவில்லை. சுண்டுவிரலில் ஒரு சுற்று, அவ்வளவுதான். ஊசி உரசுகிற ஓசைகூட இல்லை. துரைசானி தன்னையறியாமல் நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து பார்க்க ஆரம்பித்தாள். ஒரு வரிசை முடிந்தது. இரண்டாவதில் பாதி போயிருக்கும்.

மணி அடித்தது.

கிரிகரி எழுந்தார். டின் கூண்டில் இருந்தது, வைக்க இடமில்லை. ஊசியோடு, கண்ணியோடு, பாதி வரிசையோடு அதைத் துரைசானியின் கையில் வைத்து, "நழுவாம புடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கொடிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரயில்வே என்ஜினீயரின் மனைவி, மூச்சு விடாமல், ஏந்தின கையோடு உட்கார்ந்திருந்தாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. கிள்ளான் பாசஞ்சர் தடதடத்துப் போயிற்று. கேட் திறந்தது. சின்னையா ஏதோ கத்தினான்.

திரும்பி வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பின்னி, அந்த வரிசையை முடித்தார். துரைசானி கையை நீட்டி, பின்னலை வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். அவர் விட்டு எழுந்து, அவள் பிடித்திருந்த இடத்தில், ஒரே ஒரு கண்ணி மட்டும் மற்றவற்றைவிட மயிரிழை நெகிழ்ந்திருந்தது.

"இது?"

"அது வண்டிங்க. இப்பப் போச்சே, பாசஞ்சரு. கையிலேர்ந்து கீழ வச்சு எடுத்தா அந்த ஒரு கண்ணி கொஞ்சம் நெகிழ்ந்துடும். எவ்வளவோ பாத்துட்டேன், சரி பண்ண முடியல."

அவள் கட்டைவிரல் மெல்ல மேலே போயிற்று. "இது?"

"நேத்து சாயங்காலம் பத்துமலையிலேர்ந்து திரும்புன வண்டி. அதுக்கு மேல கூட்ஸ். மேல அடுத்தடுத்து இருக்கு பாருங்க, அதெல்லாம் ஸ்பெஷல்."

துரைசானி இடது கையை எடுத்து வைத்துக்கொண்டாள். தோளிலிருந்து ஆரம்பித்தாள். நெகிழ்ந்த ஒவ்வொரு கண்ணியிலும் விரல் நின்று நின்று வந்தது. ஒன்றுகூட வரிசையின் ஓரத்தில் இல்லை. ஒன்று கால்வாசியில், ஒன்று நடுவில், ஒன்று கடைசிக்கு இரண்டு கண்ணி முன்னால். உதடு அசைய எண்ணிக்கொண்டே மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தபோது, முப்பத்திரண்டு இருந்தது.

"ஒரு வரிசைகூட முடிச்சுட்டு எழுந்ததில்லையா?"

"மணி அடிச்சா எப்படிங்க முடிக்கிறது?" என்றார் கிரிகரி. அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"என் புருஷனுக்கு இது தெரிஞ்சா?"

"வேலை போயிரும்" என்றார். பிறகு, போகிற வேலை போகட்டும் என்று துணிந்தவர் மாதிரி, ஒரு மாதமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார். "துரைசானி, அந்தப் பிராணி ரயிலப் பாத்திருக்குமா?"

டொரத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

துரைசானி சற்று யோசித்தாள். "அண்ணன் எழுதியிருக்கார். வண்டி போகும்போது தூரத்துல வரிசையா வந்து நிக்குமாம். கழுத்து நீட்டிப் பாக்குமாம். ஊதினா ஓடிடுமாம்." அவள் எழுந்தாள். "வியாழக்கிழமை பதினோரு மணி வண்டி. அதுக்குள்ள வேணும்." ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டாள். சொல்வேன் என்றும் சொல்லவில்லை, சொல்லமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த நாட்கள் எப்படிப் போயின என்று டொரத்தியைக் கேட்டால் இப்போதும் பெருமூச்சு விடுவாள். யார் சைக்கிளில் வந்தாலும் சீட்டுக் கொண்டுவருகிற பியூன் என்று நினைத்தாள். நல்ல பாத்திரங்களை ஒரு பெட்டியிலும் மாதா படத்தை ஒரு துணியிலும் கட்டி வைத்தாள். "கழுத்து நீட்டிப் பாக்குமாம்! நம்மளத்தான் நாளைக்கு ஊரே கழுத்து நீட்டிப் பாக்கப்போவுது" என்று புலம்பினாள். கிரிகரி குட்டைக் கையைத் தோள்வரை உருவி, முதலிலிருந்து பின்னினார். இந்தத் தடவை ஸ்பெஷல் எதுவும் இல்லை. முப்பத்திரண்டு ரயில் ஓடியதும் நிறுத்தி, இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். மயிரிழை பிசகவில்லை.

ஐஸ் கிடங்குக்கும் போய்வந்தார். செபமாலையில் பத்து மணி உருட்டி முடிந்து அய்யாவு கதவைத் திறந்தபோது, "இன்னும் ஒரு பத்து சொல்லிக்கிறேன்" என்றாராம். வெளியே வந்து, சட்டைக்குள் விட்டிருந்த கையை அய்யாவுவின் கன்னத்தில் வைத்தார். அய்யாவு அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, இப்பத்தான் சோறு தின்ன கையாட்டம் இருக்கு" என்றான்.

புதன்கிழமை டொரத்தி சட்டையைப் பங்களாவில் கொடுத்துவிட்டு வந்தாள். துரைசானி முகம் காட்டவில்லை; சமையற்காரன்தான் வாங்கிக்கொண்டான். மிச்சமிருந்த நூலை, எலுமிச்சங்காய் அளவு உருண்டையை, கிரிகரி அப்படியே கொடுத்தனுப்பிவிட்டார். டின்னில் பன்னிரண்டாவது தீக்குச்சி நூல் இல்லாமல் வெறுமனே கிடந்தது.

"வெரல் நீளம் கேட்டிருக்கலாம்ல?" என்றாள் டொரத்தி.

"கேக்குற மூஞ்சியா இப்ப இது?" என்றார். வேலை போவதைப் பற்றி அவர் புலம்பி அவள் கேட்டதில்லை. அந்த வெறும் குச்சியை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்த்தார் என்கிறாள்.

வியாழக்கிழமை பதினோரு மணி வண்டிக்கு மணி அடித்தது. கேட்டைச் சாத்திவிட்டு, பச்சைக் கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு கிரிகரி நின்றார். டொரத்தி வீட்டு வாசலில் நின்றாள். சின்னையாவின் மாடுகள் மூக்கணாங்கயிற்றை அசைத்துக்கொண்டு காத்திருந்தன. வண்டி வளைவில் திரும்பி வந்தது. இரண்டாவது பெட்டி முதல் வகுப்பு. ஜன்னலோரம் துரைசானி, அவளுக்கு எதிரே துரை பேப்பரில் முகத்தைப் புதைத்திருந்தார். அந்த வெயிலில் அவள் வலது கையை மட்டும் சட்டைக்குள் விட்டு, ஜன்னல் மேல் நீட்டி வைத்திருந்தாள். கை மணிக்கட்டு வரை சரியாக இருந்தது. கிரிகரி பார்த்தார். அதே கை திறந்தது. எலுமிச்சங்காய் அளவில் ஒன்று காற்றில் எகிறி, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் விழுந்து, ஜல்லியில் இரண்டு குதி குதித்து உருண்டது.

ரயில் எழுப்பிய காற்றில் அது அசைந்தது. சக்கரத்துக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை. கிரிகரியின் கண் அதன் மேலேயே இருந்தது. ஆனால் கொடி பிடித்த கை அசையவில்லை, காலும் நகரவில்லை. மூன்றாவது பெட்டி போயிற்று, நாலாவது, ஐந்தாவது, மூட்டை முடிச்சுப் பெட்டி, கடைசியில் கார்டு பெட்டி. கார்டு கை காட்டினார். இவரும் காட்டினார். சத்தம் தேய்ந்தது.

கேட் திறக்கவில்லை.

"கேட்டண்ணே!" சின்னையா கத்தினான். "வண்டிதான் போயிருச்சே, தொறங்க!"

கிரிகரி அவன் பக்கம் திரும்பாமலே கக்கத்திலிருந்த சிவப்புக் கொடியை உருவி அவனுக்கு நேராக நீட்டினார். சைக்கிள் மணிகளும் ரிக்‌ஷாக்காரர்களின் கூச்சலும் இரண்டு பக்கமும் எழும்பின. நீட்டிய கொடி நீட்டியபடி இருக்க, மடங்க வராத இடது காலை மடக்கி ஜல்லியில் மண்டியிட்டு, உருண்டையை எடுத்து, ஊதி, நூல்முனையைத் தேடிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு மேலுதட்டில் வைத்து இழுத்தார்.